உருமிச் சத்தம் எட்டாத இடம்

சோலையம்மாள் சாமியாடிப் பார்க்காத ஆள் பூண்டியில் ஒரே ஒருவர்தான். அது சோலையம்மாள்.

வருஷம் முழுக்க அவளும் மற்றப் பெண்களைப் போலத்தான். வெள்ளைப்பூண்டுக் காட்டில் களை பறிப்பாள், கேரட்டுக்குத் தண்ணீர் கட்டுவாள், பொழுது சாய விறகுக்கட்டோடு வீடு வருவாள். ஊரில் நாலு பேர் சண்டை போட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவாள். அவள் பேசுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்டதில்லை. அப்படிப்பட்ட வாயில்லாப் பூச்சியைச் சித்திரையில் கருப்பசாமி கும்பிடு அன்று பார்க்க வேண்டும்.

நல்லுசாமி உருமியைத் தோளில் மாட்டி, வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தி ஒரு இழுப்பு இழுப்பான். கன்றைத் தேடும் பசு தொண்டைக்குள்ளேயே முனகுவது போல ஒரு சத்தம் கிளம்பும். கூட நிற்கிறவர்களுக்கு அது வெறும் கொட்டு. சோலையம்மாளுக்கோ முதலில் உள்ளங்கால் கூசும். அப்புறம் பிடரி மயிர் எழுந்து நிற்கும். அப்புறம் நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. கண்ணைத் திறக்கும்போது யாராவது ஒருத்தி மடியில் படுத்திருப்பாள், முகமெல்லாம் திருநீறாக இருக்கும், தொண்டை கட்டியிருக்கும். "சாமி என்ன சொல்லுச்சு?" என்று அவளே மற்றவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தன் வாயில் வந்ததைப் பிறத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற கொடுமை வேறு யாருக்கு உண்டு?

மன்னவனூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முதல் சித்திரையிலேயே இது தொடங்கிவிட்டது. புதுப்பெண் தலைவிரித்து ஆடியதும் ஊர் முதலில் மிரண்டது, பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டது. பூசாரி சேனாதிபதி, "கருப்பு ஆளத் தேடிப் பிடிச்சிருச்சுடா" என்று அறிவித்தார். அன்றிலிருந்து ஊரில் எந்தக் கல்யாணமானாலும் அந்த அருள்வாக்கு வந்த பிறகுதான் வெற்றிலை மாற்றுவார்கள். வாக்கு இல்லையென்றால் பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. யாரும் அதை மீறியதில்லை.

அவள் புருஷன் மலைச்சாமி மட்டக்குதிரைக்காரர். ஊரில் விளைகிற பூண்டையும் உருளைக்கிழங்கையும் குதிரைகள் மேல் ஏற்றிக் கொடைக்கானல் சந்தைக்குக் கொண்டுபோவது அவர் சோலி. போனால் போன இடம். வீட்டில் இருக்கிற நாளிலும் குதிரையோடு பேசுகிற அளவு பெண்டாட்டியோடு பேசமாட்டார். ஒரே மகள். லீலா என்ற பேர் அந்த ஊருக்கே புதுசு. சந்தையில் எந்தச் சீமாட்டியோ தன் பிள்ளையை அப்படிக் கூப்பிடக் கேட்டு, பிடித்துப்போய் வைத்துவிட்டார். தாயும் மகளும் ஒரே கம்பளிக்குள் தூங்கி, ஒரே சட்டியில் தின்று, ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்து வளர்ந்தார்கள் என்றே சொல்லலாம். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது லீலாவுடையது.

பூண்டு பிடுங்குகிற காலத்தில் மலை இறக்கத்தில் இருக்கிற பேத்துப்பாறையிலிருந்து கூலிக்கு ஆட்கள் வருவார்கள். அதில் பொன்னுவேல் என்று ஒரு பையன். மண்ணை உதறிப் பூண்டைக் கற்றை கட்டுவதில் கெட்டிக்காரன். அவன் கட்டின கற்றைகளை லீலா எண்ணி அடுக்கினாள், அவள் அடுக்கினதை அவன் நின்று பார்த்தான். இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய தாய் குப்பம்மாள் முறைப்படி மலையேறி வந்து பெண் கேட்டாள். சோலையம்மாளுக்கும் பையனைப் பிடித்துத்தான் இருந்தது. "நல்ல புள்ளதான். சாமி உத்தரவு குடுத்தா எனக்கென்ன?" என்றாள்.

சாமி உத்தரவு கொடுக்கவில்லை. ஐம்பத்தாறாம் வருஷச் சித்திரையில், உருமி முழங்க, சோலையம்மாள் வாயிலிருந்து கருப்பு கத்தியது: "இறக்கத்துக்குப் பொண்ணு குடுக்காதே! அது என் எல்லை இல்லே! அங்க நான் காவல் நிக்கமாட்டேன்!"

கண் விழித்ததும் விஷயத்தைக் கேட்டு, மகளைக் கட்டிக்கொண்டு முதலில் அழுதவள் சோலையம்மாள்தான். குப்பம்மாள் ஒரு வருஷம் பொறுத்து மறுபடியும் வந்தாள். மறுபடியும் அதே வாக்கு, அதே எல்லை. போகும்போது அவள் சொல்லிவிட்டுப் போனாள்: "மூணாவது தடவையும் வாரேன். அதுக்கும் ஒங்க சாமி மறிச்சுச்சுன்னா, எம்மகனுக்கு வேற எடம் பாத்துருவேன். கோவிச்சுக்காதீங்க."

சாமியோடு யார் சண்டை போடுவது? லீலா சிரிப்பது மட்டும் முதல் வாக்கிலேயே நின்றுபோயிற்று.

ஐம்பத்தெட்டு பங்குனியில் சோலையம்மாள் புருஷனோடு கொடைக்கானலுக்குப் போனாள். பூண்டுச் சுமை அதிகம், கற்றை பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டும். பஜாரில் பிச்சை முகம்மது ராவுத்தரின் மளிகைக்கடைக்குத்தான் வழக்கமாகச் சரக்குப் போடுவார்கள். மலைச்சாமி குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டப் போக, சோலையம்மாள் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டு முற்றத்தில் ராவுத்தரின் மனைவி மதீனா பீவியோடு உட்கார்ந்து பூண்டின் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் பல வருஷப் பழக்கம். ஆனால் மதீனா பீவி பூண்டிக்கு வந்தவளும் இல்லை, சாமியாட்டம் என்று ஒன்றைக் கண்டவளும் இல்லை.

முற்றத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு பங்களா. அதில் வெள்ளைக்காரர் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற துரைசானி ஒருத்தி குடியிருந்தாள். அவளிடம் ஆளுயரப் பிடில் ஒன்று உண்டு. அதை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வாசிப்பாளாம்.

"சாயங்காலம் ஆச்சுன்னா மரம் அறுக்க ஆரம்பிச்சிரும். காதுல வாங்காத" என்று மதீனா பீவி சொல்லி வாய் மூடவில்லை. பிடில் தொடங்கிவிட்டது. அடித்தந்தி. ஒரே இழுப்பு, நிறுத்தாமல், மேலும் கீழும். தொண்டைக்குள் முனகுகிற அதே சத்தம்.

சோலையம்மாளுக்கு உள்ளங்கால் கூசியது. 'இதென்ன, இங்கேயா?' என்று நினைத்தது நினைவிருக்கிறது. கையிலிருந்த அரிவாளை நல்லவேளையாகக் கீழே போட்டதும் நினைவிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது மதீனா பீவியின் மடி. முகமெல்லாம் தண்ணீர். மதீனா பீவி அவளைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

"பீவியக்கா, சாமி என்ன சொல்லுச்சு?" பழக்கதோஷத்தில் வாய் கேட்டது.

"சாமியா? எந்தச் சாமி? யா அல்லா! நீதான் தாயி அழுத. தலைய விரிச்சுப் போட்டு, என் தோளப் புடிச்சு உலுக்கி உலுக்கி அழுத."

"என்னன்னு?"

"'எம்மகள இறக்கத்துக்கு அனுப்பமாட்டேன். அவரு குதிரையோட போயிருவாரு, நான் அந்த மலையில ஒண்டியா கெடந்து சாகணுமா'ன்னு. கேட்டதையே கேட்டுக்கிட்டு இருந்த. நான் என்னத்தச் சொல்ல? 'இல்லம்மா, சாகவேணாம்மா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

சோலையம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். பூண்டி ஊர்ச்சனம் இத்தனை வருஷமாகக் கையைக் கூப்பிக்கொண்டு கேட்டதை, இந்த மனுஷி பக்கத்து வீட்டுக்காரி அழுகிறாள் என்று கேட்டிருக்கிறாள். கருப்பசாமிக்குக் குதிரை உண்டு, அது சரி. குதிரையோடு சந்தைக்குப் போகிற புருஷன் உண்டா?

சத்தம் கேட்டு ஓடிவந்த பிச்சை முகம்மது ராவுத்தர் விஷயத்தைக் கேட்டுத் தாடியைத் தடவினார். "இதுல பயப்பட ஒண்ணுமில்லம்மா. எங்க பக்கீர்மாரு தப்ஸ் கொட்டு அடிச்சுப் பாடும்போது பாத்திருக்கேன். கொஞ்ச நேரத்துல ஆளு இங்க இருப்பாரு, நெனவு இங்க இருக்காது. சில சத்தம் சில பேருக்கு உள்ள போயி எதையோ தெறந்து விட்டுருது."

"தெறந்து விட்டா, உள்ள இருக்கிறதுதான வெளிய வரும்? இல்ல, வெளிய இருந்து ஏதாச்சும் உள்ள வருமா?" என்று கேட்டாள் சோலையம்மாள்.

ராவுத்தர் யோசித்தார். "அது எனக்குத் தெரியலையேம்மா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

திரும்புகிற வழியெல்லாம் அவளுக்கு இதே குடைச்சல். பூண்டியில் வந்தது சாமி, கொடைக்கானலில் வந்தது நான் என்று பிரித்துப் பார்த்தாள். அப்படியானால் இரண்டும் ஏன் ஒரே பல்லவியைப் பாடுகின்றன? இரண்டிலும் சாமிதான் என்று வைத்துப் பார்த்தாள். துரைசானி பிடிலுக்கெல்லாம் கருப்பு இறங்குமா? இரண்டிலும் நான்தான் என்று வைத்துப் பார்க்கப் போனால், நினைப்பு அந்த இடம் வரை போய்விட்டுப் பயந்து திரும்பிவிடும். இத்தனை வருஷத்தில் எத்தனை கல்யாணத்தைக் கூட்டிவைத்திருக்கிறாள், எத்தனையை முறித்திருக்கிறாள்! அதையெல்லாம் சொன்னது களை பறிக்கிற சோலையம்மாளா?

புருஷனிடம் சொன்னாள். மலைச்சாமி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "குதிரைகூட பஸ்ஸு சத்தத்துக்கு மெரளுது. நீ மெரண்டா என்ன?" என்றார். அந்த மனுஷனிடம் போய்க் கேட்டாளே!

பூசாரி சேனாதிபதியிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். "அண்ணே, கருப்பு வேற கொட்டுக்கு வருமா?"

"வராது. அதுக்கு உருமிதான். உருமியிலயும் நம்ம நல்லுசாமி உருமிதான்" என்று அவர் அடித்துச் சொன்னார்.

ஒரு நாள் லீலா தண்ணீருக்குப் போன நேரத்தில் சோலையம்மாள் கதவைச் சாத்திவிட்டுச் சுளகைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு குச்சியை நனைத்து அதன் முதுகில் அழுத்தி இழுத்தாள். சுளகு லேசாக முனகியது. பிடரி கூசியது! அலறி அடித்துக்கொண்டு சுளகை மூலையில் வீசினாள். பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டு, பயந்து பயந்து அதை எடுத்து ஆணியில் மாட்டினாள். மூங்கில் சுளகுக்குள்ளுமா கருப்பு இருக்கிறது? ஒன்றும் பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் பிடிபட்டது. யார் சொல்லியிருந்தாலும், அந்தச் சொல்லால் மகள் வாடிப்போய்க் கிடக்கிறாள். இரண்டு வாரத்தில் சித்திரைக் கும்பிடு. குப்பம்மாள் மூன்றாவது தடவை வருவாள், அதுதான் கடைசி.

நேர்வழியைத்தான் முதலில் பார்த்தாள். பூசாரியிடம் போய், "அண்ணே, எனக்குச் சம்மதம். பொன்னுவேலுக்கே லீலாவக் குடுத்துரலாம்" என்றாள்.

சேனாதிபதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரு சம்மதிக்க?"

"பெத்தவ."

"சாமி ரெண்டு தடவ வேணாம்னு சொன்னதுக்கு மேல நீ ஒரு பேச்சுப் பேசுறியா? ஒஞ் சொல்லு பெருசா, அது சொல்லு பெருசா?"

அது சொல்லும் இந்த வாயிலிருந்துதானே வந்தது என்று சோலையம்மாள் எப்படிச் சொல்வது? சொன்னால் ஊரே சேர்ந்து கல்லெறியுமா, அல்லது இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று சங்கிலி போடுமா? தன் வாயை மறுக்கத் தன் வாயால் முடியவில்லை. அதே வாய் உருமிக்கு முன்னால் மாற்றிச் சொன்னால்தான் ஊர் கேட்கும். ஆனால் உருமி அடித்துவிட்டால் அந்த வாய் இவள் பேச்சைக் கேட்காதே!

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. காதில் பஞ்சை வைத்துக்கொள்வது. சத்தம் உள்ளே போகாவிட்டால் எதுவும் திறக்காது. திறக்காவிட்டால் தானாகவே ஆடி, தானாகவே சொல்லிவிடலாம். சாமி பேரால் பொய்யா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. முதல் இரண்டு தடவை சொன்னதும் நான்தான் என்றால் இது பொய்யில்லை, மாற்றிச் சொல்வது. அது சாமி என்றால் என் கண்ணைக் குத்தட்டும், மகள் கண்ணை விட்டுவிடட்டும் என்று ஒரு முடிவுக்கு வந்தாள். இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. தான் எப்படி ஆடுவோம் என்றே அவளுக்குத் தெரியாது!

"ஏத்தா லீலா, நான் சாமியாடும்போது எப்படி ஆடுவேன்?"

உரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்த லீலா நிமிர்ந்தாள். "எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான். ஒருநாளும் பாத்ததில்லையில்ல."

லீலா உலக்கையைச் சாத்திவிட்டு முற்றத்துக்கு வந்தாள். கூந்தலை அவிழ்த்தாள். இடது காலை மட்டும் தூக்கித் தூக்கித் தரையில் மிதித்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கமாகச் சுழற்றி, பல்லைக் கடித்து மூச்சை இழுத்தாள். "இப்படி. அப்புறம் யாரு கேள்வி கேட்டாலும் மொதல்ல ஒரு சிரிப்புச் சிரிப்ப. ஹும்ம்... ஹும்ம்னு. நீ வீட்டுல ஒருநாளும் அப்படிச் சிரிச்சதில்ல."

"இடது காலா? ரெண்டு காலும் இல்லையா?"

"இடது காலுதான். நல்லா மிதி. இன்னும். ஐயோ ஆத்தா, நீ கேப்பைக் களியில்ல மிதிக்கிற!"

இரண்டு வருஷம் கழித்து லீலா சிரித்தாள். சோலையம்மாளும் மகளுக்குப் பின்னால் நின்று மிதித்து மிதித்துப் பழகினாள். நடுவில் லீலா நின்று அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு மறுபடியும் மிதித்துக் காட்டினாள்.

கும்பிடு அன்று சோலையம்மாள் தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு எடுத்து, நல்லெண்ணெயில் தோய்த்து, இரண்டு காதிலும் அடைத்து, முடியால் மூடிக்கொண்டாள். கோயில் முன்னால் கூட்டம். முன்வரிசையில் குப்பம்மாள், அவளுக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி பொன்னுவேல். நல்லுசாமி உருமியை இழுத்தான். எங்கேயோ தூரத்தில் தேனீக்கூட்டம் போல லேசாகக் கேட்டது. நல்லது. சோலையம்மாள் கூந்தலை அவிழ்த்தாள், கையைப் பின்னால் கட்டினாள், இடது காலை மிதித்தாள்.

"இந்த வருசம் சாமிக்குக் கொஞ்சம் அசதிபோல" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அவளுக்கு அது கேட்கவில்லை. ஆனால் நல்லுசாமிக்குக் கேட்டது. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. உருமியோடு அவளை நெருங்கி, நெஞ்சுக்கு நேராக நிறுத்தி, உயிரைக் கொடுத்து இழுத்தான்.

காதை அடைத்தவள் நெஞ்சுக்கூட்டை எதனால் அடைப்பாள்? தரையிலிருந்து கால் வழியாக ஏறியது. விலா எலும்புக்குள் சத்தம் புகுந்து ஆடியது. பிடரி கூசத் தொடங்கியது. போச்சு, போச்சு, இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் இருக்கமாட்டேன்! பூசாரி கேள்வி கேட்கிற வரைகூட அவள் காத்திருக்கவில்லை. சிரிக்க வேண்டிய சிரிப்பையும் மறந்துபோய், "குடு! பேத்துப்பாறைக்குப் பொண்ணக் குடு!" என்று கத்தினாள்.

சேனாதிபதி திகைத்துப்போனார். அவர் வாய் அசைவதைப் பார்த்தே கேள்வி இன்னதென்று தெரிந்தது. எல்லை என்ன ஆச்சு என்கிறார்.

"எல்லைய இழுத்து விட்டுட்டேன்! பேத்துப்பாறை வரைக்கும் இழுத்து விட்டுட்டேன்! போ!"

சொல்லிவிட்டு விழுந்தாள். விழுந்ததாக நடித்தாளா, உண்மையிலேயே விழுந்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. நடுவில் கொஞ்ச நேரம் நினைவு இல்லை. கண் திறந்தபோது குப்பம்மாள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பூசாரி, சாமியே எல்லையை விரித்துவிட்ட அதிசயத்தை ஊருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நிலம் அளக்கிறவர்கள் கேட்டால் வேலையை விட்டுவிட்டுப் போவார்கள்.

வைகாசியில் கல்யாணம். பெண் வீட்டில், பூண்டியில், நல்லுசாமியின் மேளத்தோடு. அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் சோலையம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அட கடவுளே, இதை யோசிக்கவில்லையே! மற்றவர் வீட்டுக் கல்யாணமென்றால் கொட்டுக் கிளம்புமுன் காட்டு வேலைக்குப் போய்விடுவாள்; தன் வீட்டிலோ விடிந்ததிலிருந்து கொட்டு முழங்கும். பஞ்சை வைத்துக்கொண்டு பொண்ணைப் பெற்றவள் வருகிறவர்களிடம் என்ன பேசுவாள்? பஞ்சு வைத்தும்தான் நெஞ்சு வழியாக வந்துவிட்டதே. மணவறைக்கு முன்னால் அது திறந்துகொண்டு, 'அனுப்பமாட்டேன்' என்று ஒரு கத்துக் கத்திவிட்டால்? சாமி மறுபடியும் மறித்துவிட்டது என்று குப்பம்மாள் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். லீலா உயிரை விட்டுவிடுவாள்.

இரவும் பகலும் தன்னையே தோண்டிப் பார்த்தாள். 'ஏய் சோலை, உனக்கு இப்போது சம்மதம்தானா, மனசாரச் சம்மதம்தானா?' சம்மதம் என்றுதான் பதில் வந்தது. ஆனால் போன தடவைகளிலும் அவள் சம்மதம் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தாள்? உள்ளே எது கிடக்கிறது என்று வீட்டுக்காரிக்கே தெரியாத வீடு இது. அதை எப்படி நம்புவது?

கல்யாணத்தன்று வெள்ளனே எழுந்து மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை முழுக்காட்டினாள். புடவை கட்டி, பூ வைத்து, கன்னத்தில் மை இட்டாள். நல்லுசாமி ஆட்கள் தெருமுனையில் மேளத்தை நெருப்பில் காட்டிக் காய்ச்சுவது தெரிந்ததும், "குதிரைக்குப் புல்லு இல்ல, வெரசா வந்துருதேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டுக் கொல்லைப்புறமாக நழுவினாள். பூண்டுக் காடுகளைத் தாண்டி, படிப்படியாக மேலே ஏறினாள். ஏற ஏற உருமி பின்னாலேயே வந்தது. நின்று காதைக் கொடுத்துப் பார்ப்பாள், கேட்கும். இன்னும் ஏறுவாள். மலையின் முதுகைத் தாண்டி அந்தப்பக்கம் இறங்கிய பிறகுதான் சத்தம் விட்டது. அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து வீடு தெரியாது, பந்தல் தெரியாது, மகள் தெரியமாட்டாள். காற்று மட்டும் வீசியது. பெற்ற மகளின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்காத பாவி ஆகிவிட்டோமே என்று மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஆத்தா!"

லீலா மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். கல்யாணப் புடவையின் கரையெல்லாம் செம்மண். தலைப்பூ ஒரு பக்கம் சரிந்து கிடந்தது.

"அடிப்பாவி! மணையில இருந்து எந்திரிச்சு வந்துட்டியா? நல்ல நேரம் போகுதுடி! ஓடுடி கீழ!"

"நீ வராம நான் போகமாட்டேன்."

"நான் வரக்கூடாது. கொட்டுச் சத்தம் கேட்டா என் வாய் என்ன சொல்லும்னு எனக்கே தெரியாது. ஒனக்கு வெளங்காதுடி." அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கொடைக்கானல் முற்றத்தில் நடந்தது, பிடில், மதீனா பீவி கேட்டது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "மூணாந் தடவ குடுன்னு சொன்னது சாமி இல்லத்தா. நாந்தான்."

"தெரியும். காதுக்குக் கீழ எண்ணெய் வழிஞ்சுச்சு. நான் சொல்லிக்குடுத்த மாதிரியே ஆடுன. கேப்பைக் களி."

சோலையம்மாள் மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். "மொத ரெண்டு தடவையும் நானாத்தான் இருக்கும்னு பயமா இருக்கு. ஒன்னய விட மனசில்லாம நானே மறிச்சிருக்கேன்போல. ரெண்டு வருசத்தப் பாழாக்கிட்டேனேடி."

நிமிர்ந்தபோது லீலா முகத்தில் கோபம் வந்திருப்பதைச் சோலையம்மாள் பார்த்தாள். நியாயமான கோபம். பிறகு லீலா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினாள். "வா. போயிப் பேசிக்கிருவோம்."

மலைமுதுகுக்கு வந்ததும் கீழிருந்து உருமி எட்டியது. சோலையம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். லீலா அவளை அங்கே விட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தனியாகக் கீழே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

சோலையம்மாள் வந்து சேர்ந்தபோது பந்தலில் ஒரே களேபரம். சேனாதிபதி தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார். "கொட்டு இல்லாமக் கல்யாணமா? கெட்டிமேளம் இல்லாமத் தாலியா? இந்த ஊர்ல நடந்திருக்கா?"

"ஊர் சிரிக்கும்த்தா" என்று குப்பம்மாள் கெஞ்சினாள். நல்லுசாமி உருமியைத் தரையில் வைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஜென்மத்திலேயே இப்படி ஒரு அவமானம் நடந்ததில்லை.

"எங்க ஆத்தா எங்கூட நிக்கணும். மேளம் கேட்டா அது நிக்காது. மேளம் வேணும்னா இந்தக் கல்யாணம் வேணாம்" என்றாள் லீலா. பொன்னுவேல் மணையிலிருந்து தலையைத் தூக்கினான். "மேளம் வேணாம்ப்பா. விடுங்க" என்றான். மாப்பிள்ளையே சொன்ன பிறகு யார் என்ன பேசுவது? பூசாரி முணுமுணுத்துக்கொண்டே தாலித் தட்டை நீட்டினார்.

பந்தலில் ஒரு சத்தமும் இல்லை. ஓமப் புகையில் யாரோ இருமினார்கள், கொல்லையில் குதிரை கனைத்தது. எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது. தாலியைப் பொன்னுவேல் கையில் எடுத்தபோது, அந்த மௌனத்தைத் தாங்க மாட்டாமல் யாரோ ஒருத்தி குலவையிட்டாள். சோலையம்மாள்தான். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத அந்தத் தொண்டையிலிருந்து குலவை கிளம்பி மலைச்சரிவெல்லாம் போயிற்று. மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது முடிச்சில் சோலையம்மாளின் குலவை நடுங்கி, உடைந்து, வேறு சத்தமாக மாறியது. அவள் உடம்பு குலுங்கியது. கூந்தல் அவிழ்ந்து தோளில் விழுந்தது.

கூட்டம் பின்வாங்கியது. சேனாதிபதி திருநீற்றுத் தட்டைத் தேடினார். குப்பம்மாள் மகன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, சாமி வந்துருச்சா? என்ன சொல்லப் போகுதோ!"

லீலா திரும்பி, தாயின் முகத்தைப் பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன. அவை மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"சாமி இல்லைங்க. எங்க ஆத்தா அழுவுது. நீங்க கட்டுங்க" என்றாள்.

பொன்னுவேல் மூன்றாவது முடிச்சைப் போட்டான்.